கண்ணாடிக்கு வளர்த்த உடம்பு

ஹட்டனில் ஒரு ஹார்டுவேர் கடையில் எனக்கு வேலை. லொறியிலிருந்து கூரைத் தகரம் இறக்கிக்கொண்டிருந்தபோது மேலே நின்றவன் பிடியை விட்டுவிட்டான். முழுக் கட்டும் என் வலது கையில் வந்து தொங்கியது. தோளுக்குள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, எனக்கு நன்றாகவே கேட்டது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தருகிற மிஸ் என் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். தோள் உயரத்துக்கு மேல் அது போகவில்லை. எலும்பு உடையவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது என்றார். வேலைக்கு எப்போது போகலாம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"மிஸ், நெஞ்சுக்கும் வயித்துக்கும் எக்சைஸ் செய்யலாமா?"

அவர் சிரித்துவிட்டார். அவருக்கு என் கவலை தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் பட்டப்பெயர் மிலாறு. கவ்வாத்து வெட்டும்போது கீழே விழுகிற காய்ந்த தேயிலைக் குச்சிக்குத்தான் மிலாறு என்று பெயர், அடுப்பெரிக்கப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். இருபத்தைந்து வயதுவரை அந்தப் பெயரோடு நடந்தவனுக்கு, ஜிம்முக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் மாதத்தில் தோள் கிழிந்தால் எப்படி இருக்கும்?

"வலிக்காத மாதிரி செய்யலாம். கைய தலைக்கு மேல தூக்கக் கூடாது. ஆனா நான் சொல்றத ஒரு நாளும் விடக் கூடாது" என்றார் மிஸ். பச்சை ரப்பர் பட்டி ஒன்றை வாங்கச் சொன்னார். அதைக் கதவுப்பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையை மெதுவாக வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். தினமும் மூன்று தடவை, தடவைக்குப் பதினைந்து.

பட்டியை வாங்கினேன். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. வெறுங்கையால் ஒரு தரம் இழுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். கதவைத் திறந்து மூடுகிறவன் மாதிரி இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாக்கெட்டைத் தகரப்பெட்டியில் போட்டேன்.

நெஞ்சு வேலையை மட்டும் நாளைக்குத் தள்ளவில்லை. பால்மா டின்களில் சீமெந்து நிரப்பி, நடுவில் குழாய் செருகி இரண்டு டம்பெல் செய்தேன். வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தேன். பெஞ்சில் படுத்துத் தள்ளினால் முழங்கை முதுகுக்குக் கீழே இறங்கித் தோளைப் பிடுங்கும். தரையில் அந்தத் தொல்லை இல்லை, முழங்கை தரையில் பட்டதுமே நின்றுவிடும். கம்பியில் தொங்கிக் காலைத் தூக்குவதை விட்டுவிட்டு, படுத்தபடியே இரண்டு காலையும் தூக்கினேன். முழங்கைகளை ஊன்றிப் பலகை மாதிரி நின்றேன். வலிக்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போகப் பழகினேன், அதில் எனக்குப் பெருமை வேறு.

அக்காவும் மச்சானும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். மச்சான் கவ்வாத்துக்காரர். மலையில் வேலை முடிந்து வந்தால் கத்தியைச் சுவரில் சாத்திவிட்டு, பிளேன்டீ கோப்பையோடு என் தலைமாட்டில் குந்திக்கொள்வார்.

"தரையில படுத்துக்கிட்டு யாரடா மாப்ள தள்ளுற?"

கேலி செய்துகொண்டே எனக்காக எண்ணுவார். பத்து வந்ததும் நான் கீழே வைக்கப் போனால், "எட்டு" என்பார். மறுபடி ஒன்பது, மறுபடி பத்து. நான் கெட்ட வார்த்தை பேசும்வரை விடமாட்டார். அந்த மனுசன் பின்னுக்கு எண்ணியதில்தான் என் நெஞ்சு ஏறியது. ஆறேழு மாதத்தில் வயிற்றில் கோடு விழுந்தது. மிலாறு என்று கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். சட்டைப் பொத்தான்களில் இரண்டைத் திறந்துவிட்டு பஸ் ஏறுவேன். வலது கை மட்டும் காதுவரை போய் அங்கேயே நின்றது. அதைக் கண்ணாடி காட்டவில்லை, நானும் யாரிடமும் காட்டவில்லை.

அந்த வருடத் திருவிழாவில் சாமி தூக்க என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு தண்டு, எட்டு ஆள். "நல்லா வந்துட்டான், இவன் முன்னுக்கு நிக்கட்டும்" என்று கோயில் தலைவர் மஞ்சள் துண்டை என் தோளில் போட்டார். மச்சான் எனக்கு நேர் பின்னால்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமியைத் தூக்குமுன் தலைவர், "யாருக்காச்சும் தடங்கல் இருக்கா?" என்று மூன்று தடவை கேட்பார். வீட்டில் சாவு, பிள்ளைப்பேறு, உடம்பில் காயம் எல்லாமே தடங்கல்தான். தடங்கல் இருப்பவர் துண்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. இவ்வளவு லேசான கேள்வியை என் வாழ்க்கையில் வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இரண்டாம் தடவை கேட்டபோது மச்சான் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, தோளு?"

"அதெல்லாம் எப்பவோ சரியாயிருச்சு மச்சான்."

என் முதுகைப் பார்த்து நம்பிவிட்டார். தண்டை இடது தோளில் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மேட்டு லயத்திலிருந்து பள்ளத்து லயத்துக்குக் கல்படியில் இறங்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். படியில் சாமி முன்னால் சாயாமல் இருக்க, முன்னே போகிறவர்கள் தண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பார்த்து வந்ததுதான். தெரிந்துகொண்டேதான் நின்றேன்.

ஐந்தாறு படி இறங்கியிருப்போம். வலது கை காதுக்கு மேலே ஏறவில்லை. இடது கையால் மட்டும் தாங்க முடியவில்லை. தண்டு என் பிடியிலிருந்து நழுவிக் கீழே வந்தது. மச்சான் ஒரே எட்டில் முன்னால் பாய்ந்து தன் வலது தோளை அதன் கீழே கொடுத்தார். பாரம் முழுவதும் அவர் தோள்மூட்டில் இறங்கியது. முழங்கால் கல்லில் இடித்தது, தண்டை விடவில்லை. சாமி சாய்ந்து, நின்றது.

யாரும் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "என் காலுதான் வழுக்கிருச்சு."

"வயசான காலத்துல வெடலப் பயலுகளுக்கு விட்டுக் குடுக்கிறதுதானே" என்று தலைவர் அவரை ஏசினார். யாரோ என் முதுகில் தட்டி, "நல்ல வேள, முன்னுக்கு நீ நின்ன" என்றார். வெறும் நெஞ்சில் சந்தனம் பூசிக்கொண்டு நான் நின்றேன். அந்தச் சந்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மச்சானுக்குத் தோள்மூட்டு எலும்பு உடைந்திருந்தது. வாரக்கணக்கில் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டிருந்தார். "கண்ண எங்க வச்சுக்கிட்டு எறங்குனீங்க?" என்று அக்கா சட்டை மாட்டிவிடும்போதெல்லாம் ஏசுவது சுவருக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்கும். கால் வழுக்கியது என்றே அவர் சொல்லுவார். நானும் எழுந்து போய் உண்மையைச் சொல்லவில்லை. கவ்வாத்துக் கத்தியை ஓங்கி வீச வலது கை வேண்டும். மலையில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் போட்டார்கள்.

தூளியைக் கழற்றிய அன்று ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அதே மிஸ். அவருக்கும் அதே ரப்பர் பட்டியை வாங்கச் சொன்னார். வீட்டில் ஒன்று இருக்கிறது என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

தகரப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பாக்கெட்டை அவரே இடது கையாலும் பல்லாலும் கிழித்தார். உள்ளே ஒட்டாமல் இருக்கத் தூவியிருந்த வெள்ளைப் பவுடர் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது. பட்டியைப் பார்த்தார். பிறகு என் நெஞ்சைப் பார்த்தார்.

"இத நீ இழுக்கவே இல்லையா மாப்ள?"

"அக்காகிட்ட நான் சொல்லிர்றேன் மச்சான்" என்றேன்.

"அத அப்புறம் பாப்போம். கட்டு, கட்டிட்டு எண்ணு."

இஸ்தோப்புக் கதவில் கட்டினேன். முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்றில் உதட்டைக் கடித்தார். நான்கில் நெற்றி வியர்த்தது. அடுத்ததில் பட்டி பாதிகூட நீளவில்லை. பார்க்கச் சகிக்காமல் நான் "அஞ்சு" என்றேன்.

மச்சான் கையைத் தளர்த்தினார்.

"பொய்யா எண்ணாத மாப்ள. நாலுதான் வந்துச்சு."