நாற்பத்தொரு ஆர்

எங்கள் கடலோரத் தோப்பு எவ்வளவு பெரியது என்று யாராவது கேட்டால் அப்பா மரக்கணக்கில்தான் பதில் சொல்வார். எண்பது தென்னை என்பார். ஒரு வருடம் புயல் வந்து பாதிக்கு மேல் சாய்த்துவிட்டுப் போனபிறகு அந்தக் கணக்கு செல்லாமல் போயிற்று. மிச்சம் இருந்தது பத்திரம் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் இருபது வருடம் ஆகியும் அந்தப் பத்திரம் தமிழுக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அப்பாவின் தங்கை, என் அத்தை மட்டும்தான்.

அத்தைக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எனக்குப் பத்து. சாயங்காலங்களில் இரண்டு பேரும் திருவேட்டக்குடிக் கடற்கரைக்குப் போவோம். வலை உலர்த்துகிறவர்கள் போனபின் மணல் எங்களுக்குத்தான். ஒருநாள் பத்திரத்தில் இருக்கும் ஆர் என்றால் என்ன என்று கேட்டேன். அத்தை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பதின்மூன்று எட்டு நடந்தாள். திரும்பி இன்னொரு பதின்மூன்று. நான்கு பக்கமும் குச்சியால் கோடு இழுத்து, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், இதுதான் ஒரு ஆர் என்றாள். நம் ஊர்க் கணக்கில் இரண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு, சரியாகச் சொன்னால் இரண்டு புள்ளி நாற்பத்தேழு.

அதோடு விட்டிருக்கலாம். அத்தை அந்தச் சதுரத்துக்குள் வீடு கட்ட ஆரம்பித்தாள். இங்கே மேசை, இங்கே கடல் பார்த்த ஜன்னல், இங்கே புத்தகம் வைக்க ஒரு நீளச் சுவர். கிழக்கே ஒரு கதவு. தினமும் அலை அழித்துவிடும், தினமும் கட்டுவோம். மேசை மட்டும் இடம் மாறாது. ஒருநாள் நான், "கல்யாணம் ஆகி மாமா வந்தா எங்க படுப்பாங்க?" என்று கேட்டேன். அத்தை சிரித்துக்கொண்டே கதவுக் கோட்டை இழுத்து மூடிவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

புதுச்சேரியில் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் ஒன்றை அத்தை தன் பிரெஞ்சு அகராதிக்குள் மடித்து வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். பூர்த்தி செய்து கையெழுத்தும் போட்டிருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் என் வாய் கட்டுப்பாடாகவே இருந்தது.

எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பொறையாறு பக்கத்திலிருந்து அத்தைக்குச் சம்பந்தம் வந்தது. பெண் பேரில் ஒரு ஏக்கருக்குக் குறையாமல் நிலம் எழுதவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். தோப்பையே எழுதிவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். அது ஒரு ஏக்கர் தேறுமா என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அத்தையின் கவலை என்ன என்று யாரும் கேட்கவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று, காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா பத்திரத்தைப் பார்க்கலாமா என்றார். அத்தையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அவள் சுவரோரமாக நின்று, தலைநிமிராமல், "நாப்பத்தொண்ணு" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஆராவது, எக்தாராவது. ஏக்கர் இல்லையென்றால் சென்ட்தான். "நாப்பத்தொரு சென்ட்டுங்களா? அரை ஏக்கர்கூட வரலீங்களே" என்றார் அவர். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. தங்கையின் படிப்பு மேல் அவருக்கு அபார நம்பிக்கை. அவள் வாயிலிருந்து வந்தபிறகு மறுபேச்சு ஏது? வந்தவர்கள் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும்.

அத்தை பாவம், வெட்கத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

"சென்ட் இல்லீங்க, அது ஆர்" என்றேன் வாசற்படியிலிருந்து. எல்லோரும் திரும்பினார்கள். யாரும் கேட்காமலே சிலேட்டை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்து பெருக்கினேன். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் சிலேட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது. "நூத்தியோரு சென்ட்டுங்க. ஏக்கருக்கு மேல."

அப்பா நம்பமுடியாமல் அத்தையைப் பார்த்தார். "புள்ள சொல்றது சரியாம்மா?"

அத்தை என்னைத்தான் பார்த்தாள். மணலில் கதவை மூடியபோது பார்த்த அதே முகம், சிரிப்பு மட்டும் இல்லை. சிலேட்டில் எங்கேயாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று தேடினாளோ என்னவோ, பெருக்கலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். பிறகு, "சரிதாண்ணே" என்றாள்.

அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா கல்கண்டு கொடுத்தார். அதைச் சப்பிக்கொண்டே உள்ளே போய், வழக்கம்போல மார்க் போடச்சொல்லி சிலேட்டை அத்தையிடம் நீட்டினேன். நூற்றுக்கு நூறு போட்டாள். அந்தச் சிலேட்டை நான் பல நாள் அழிக்கவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அகராதியை அத்தை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

முதல் தடவை பிறந்த வீட்டுக்கு வந்தபோது அவளைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று, என் காலுக்குப் பதினெட்டு எட்டாக நானே நடந்து சதுரம் போட்டேன். மேசை, ஜன்னல், புத்தகச் சுவர் எல்லாம் அதனதன் இடத்தில். கிழக்கே கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வாங்க அத்தை என்று கூப்பிட்டேன்.

அத்தை கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள். "நீ இருடி கண்ணு" என்றாள்.

புதுப் பட்டுப்புடவை, மணல் ஒட்டிவிடும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் மட்டும் மேசைமுன் உட்கார்ந்தேன்.