மாப்பிள்ளை இலைக்கு வராத அப்பளம்

கம்ப்யூட்டரிடம் மரியாதையாகப் பேசினால் அது என் வேலையில் கை வைக்காது என்று நான் நம்பினேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, மனசார நம்பினேன். ஆபீசுக்குள் நுழைந்ததும் அதற்குத்தான் முதல் வணக்கம். 'தயவுசெய்து', 'சிரமம் பார்க்காமல்' என்றெல்லாம் தட்டச்சு செய்வேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட அந்த வார்த்தைகளை நான் செலவழித்ததில்லை. விஷயம் தெரிந்ததும் என் மனைவி சொன்னாள்: "அப்ப நானும் உங்களை வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு மிரட்டணும் போலுக்கே."

என் தொழில் சந்தை ஆய்வு. பெயர்தான் பெரிது. ஒரு சோப்போ பிஸ்கட்டோ கடைக்கு வருவதற்கு முன்னால், அதைச் சில வீடுகளில் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லி, பிறகு போய், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டு வருகிற வேலை. ஆபீஸ் திருநெல்வேலியில். பாபநாசம் தொடங்கி எங்கள் ஆறு கடலில் சேர்கிற வரைக்கும் கரையோர ஊர்களெல்லாம் என் எல்லை. இந்தப் பக்கத்தில் நான் காப்பி குடிக்காத வீடு குறைவு. எனக்குச் சர்க்கரை வந்ததற்கு அதுதான் காரணம் என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். வழியிலிருந்த அல்வாக் கடைகளைப் பற்றி அவர் விசாரித்தார். பேச்சை மாற்றிவிட்டேன்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருநாள் புது மென்பொருள் வந்து சேர்ந்தது. ஆளே இல்லாமல் ஆட்களின் கருத்தைச் சொல்லும். 'அம்பாசமுத்திரம், நடுத்தர வயது, இல்லத்தரசி, கணவருக்கு அரிசி மண்டியில் வேலை' என்று விவரம் கொடுத்தால் போதும், அந்த அம்மா திரைக்குள் பிறந்துவிடுவாள். எதைக் கேட்டாலும் பதில் சொல்வாள். வெயில் கிடையாது, நாய் கிடையாது, "அவுக வந்தப்புறம் வாங்க" கிடையாது. அவள் எனக்குக் காப்பி தரமாட்டாள் என்ற ஒரு குறையைத் தவிர வேறு குறை சொல்ல வழியில்லை.

தலைமை அதிகாரி வீடியோவில் வந்தார். அடுத்த ஆய்வை இரண்டு வழியிலும் செய்யப்போகிறோம் என்றார். திரையில் இருக்கிற அம்மாக்களும் வீட்டில் இருக்கிற அம்மாக்களும் ஒரே பதிலைச் சொன்னால், திருநெல்வேலியில் வீடு வீடாகப் போகிற வேலையை நிறுத்திவிடலாம் என்றார். 'உன்னை நிறுத்திவிடலாம்' என்பதை இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிற மச்சினனிடம் போய் நின்றேன்.

"ஏதாவது வேலை இருக்குமாலே?"

"யாருக்கு அத்தான்?"

"எனக்குத்தான்."

அவன் மெஷினை நிறுத்திவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "பத்தும் இருக்கு. அப்படியே இருக்கட்டும். டீ சொல்லுதேன், குடிச்சிட்டுப் போங்க."

ஆய்வுக்கு வந்த பொருள் அப்பளம். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் அப்பளம் போடும் ஓர் அண்ணாச்சி, எண்ணெய்ச் சட்டியே வேண்டாம், பிரித்தால் சாப்பிடலாம் என்று பொரித்த அப்பளத்தைப் பாக்கெட்டில் அடைத்திருந்தார். உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும். லாரியில் நொறுங்காமலிருக்கக் கொஞ்சம் தடிமன். பாக்கெட்டின் மேல் வாழையிலை, சாதம், சாம்பார் எல்லாம் போட்ட வண்ணப்படம். கல்யாண வீடு முதல் தினசரிச் சாப்பாடு வரை இனி இதுதான் என்பது அவர் கனவு.

நானும் என் ஆட்களும் வீடுகளில் பாக்கெட்டைக் கொடுத்து, சில நாள் விட்டுப் போய்க் கேட்டோம். இந்த முறை எனக்கு ஒரு வெறி. திரைக்காரி சொல்லாத எதையாவது நம் சனங்கள் சொல்ல வேண்டும். ஒருவராவது நன்றாகத் திட்ட வேண்டும். திட்டு வாங்குவதற்காக வாசல் வாசலாக வேண்டிக்கொண்டு போனவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒருவரும் திட்டவில்லை. "நல்லாருக்கு." "ரொம்ப வசதி." "உப்பு உறைப்பெல்லாம் சரியா இருக்கு." அம்பாசமுத்திரத்தில் ஓர் அம்மாவிடம், "ஒரு குறை கூடவா இல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஏறக்குறைய கெஞ்சினேன். அந்த அம்மா இரக்கத்தோடு பார்த்து, இன்னொரு காப்பி கொண்டுவந்து வைத்தார்.

திரும்பி வந்து திரைக்காரியிடம் அதே கேள்வியைப் போட்டேன். 'சுவையாகவும் வசதியாகவும் இருக்கிறது. என் குடும்பத்தினர் அனைவரும் விரும்புவார்கள்' என்றாள். ஒரு சொல் வித்தியாசமில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, பேயறைஞ்ச மாரி இருக்கிய?"

கேட்டவர் எங்கள் ஆபீசில் புள்ளிவிவரம் பார்க்கிற பெண். மேலப்பாளையத்துக்காரர். வாப்பா வளைகுடாவில் கடை ஒன்றில் கணக்கு எழுதிப் படிக்க வைத்த பிள்ளை. நாங்கள் பதிவு செய்து கொண்டுவருகிற பேச்சையெல்லாம் கணினியில் ஏற்றி, அலசி, அறிக்கை எழுதுவது அவர் வேலை. வந்த புதிதில் அவரை எனக்குப் பிடிக்காது. வெயிலில் ஒருநாள் நின்று பார்க்கட்டும் என்று கருவிக்கொண்டிருந்தவன் நான்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. ரெண்டும் ஒண்ணுபோலச் சொல்லுதாங்க."

"சொல்லத்தானே செய்வாங்க?" என்றார் அவர், வெகு சாதாரணமாக. "நீங்க ஓசியில ஒரு சாப்பாட்டுப் பொருளைக் குடுத்திருக்கிய. அப்புறம் வீட்டுக்குள்ள விருந்தாளியா போய் உக்காந்து, எப்படி இருந்துச்சுன்னு கேக்குதிய. நம்ம ஊருல யாரு மொகத்துக்கு நேரா நல்லால்லன்னு சொல்லுவா? எங்க உம்மாகிட்ட எவளோ உப்பில்லாம பிரியாணி குடுத்தாலும் மாஷா அல்லான்னுதான் சொல்லும். அவ போனப்புறம்தான் பேச்சு வரும்."

எனக்குச் சுருக்கென்றது. தந்த சாப்பாட்டில் குறை சொல்வது பாவம் என்று வளர்ந்தவன்தான் நானும். அந்தப் பதிலை வாங்கி, 'மிகவும் பிடித்திருக்கிறது' என்ற கட்டத்தில் அழகாக டிக் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவனும் நான்தான். கேட்டவன், சொன்னவர் இருவரும் ஒரே பழக்கத்தில் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அப்ப மெஷின் சொன்னது தப்பா?"

"மெஷின் தப்புச் சொல்லல. நம்ம கேள்விதான் தப்பு. நாளைக்கு நானும் வாரேன். நீங்க பேசக்கூடாது."

"சரி."

"இப்பவே பேசுதிய பாத்தியளா."

மறுநாள் கல்லிடைக்குறிச்சியில், அக்கிரகாரத் தெருவில் ஒரு வீடு. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மாமி. அவர் கணவர் ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்கோ வாங்கோ. அன்னிக்கே நன்னா இருக்குன்னு சொன்னேனே" என்றார் மாமி. நம் பெண் அப்பளத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்து, பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் போன வாரம்தான் வந்து போனார்களாம். என்ன சமையல் என்று கேட்டார். மாமி அவியல், பாயசம் என்று மலர்ந்துபோய்ச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அப்பளம் எது மாமி வச்சிய? பாக்கெட்டா?"

மாமி பதில் சொல்லவில்லை. நானாக இருந்தால் அந்த இடைவெளியில் மூன்று ஜோக் அடித்திருப்பேன். அதுதான் என் வியாதி. எங்காவது அரை நிமிஷம் சத்தமில்லாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். நம் பெண் பேசாமல் புன்னகையோடு காத்திருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தேன்.

"அது... மாப்பிள்ளை இலையில எப்படிம்மா போடறது?" என்றார் மாமி கடைசியில். "சட்டியில பொரிச்சுத்தான் போட்டேன்."

ஊஞ்சல் நின்றது. "அவளைச் சொல்லச் சொன்னா விடிஞ்சுடும். நான் சொல்றேன் கேளும் ஓய்" என்று மாமா என் பக்கம் திரும்பினார். "அப்பளம்னா பாயசத்துல நொறுக்கினா நொறுங்கணும். உம்ம அப்பளத்தை நொறுக்க உலக்கை வேணும். நான் சாயங்காலம் காப்பியோட கடிச்சுத் தின்னேன். அதுக்கு அமிர்தம். இலைக்கு ஆகாது."

"பாக்கெட் பூரா இவர்தான் தீர்த்தார்" என்றார் மாமி.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு போட்டேன். "சும்மா இரிங்க அண்ணாச்சி, தெருவே பாக்குது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் திரும்பப் போய், வீட்டுக்கு யார் வந்தார்கள், அன்றைக்கு எந்த அப்பளம் என்று மட்டும் கேட்டார்கள். இதற்குப் பிறகு நான் பார்த்ததுதான் எனக்கு ஆச்சரியம். குவிந்து கிடந்த பதிவுகளை அந்தப் பெண் கணினியிடம் கொடுத்தார். நான் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது அத்தனை வீட்டுப் பேச்சையும் படித்து, விருந்தாளி வந்த வீடு எது, வராத வீடு எது, பாக்கெட் எந்த வேளையில் பிரிந்தது என்று பிரித்து வைத்திருந்தது. நாங்கள் உட்கார்ந்து செய்தால் மழைக்காலம் தொடங்கிவிடும். அவர் அதையும் அப்படியே நம்பவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்து, காதில் மாட்டிக்கொண்டு தானே கேட்டார். இரண்டு இடத்தில் அது தவறாகப் பிரித்திருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினார். ஆளைச் சந்தேகிக்கிற மாதிரி மெஷினையும் சந்தேகிக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. இரண்டின் மீதும் கோபமும் இல்லை.

கடைசியாக, திரைக்காரியிடமும் அதே கேள்வியைக் கேட்டார்: மாப்பிள்ளை வந்தால் இதைப் பரிமாறுவீர்களா? 'நிச்சயமாக, விருந்தினருக்கும் மகிழ்ச்சியுடன் பரிமாறுவேன்' என்றாள் அவள். நான் நாற்காலியிலிருந்து துள்ளி, "மாட்டினாளா!" என்று கத்தினேன்.

"பொய் சொல்லல அண்ணாச்சி. அவ வீட்டுக்கு இதுவரைக்கும் மாப்பிள்ளையே வந்ததில்லையே" என்றார் அவர். "நாம கொண்டுவாரதைக் குடுத்தா அதுவும் கத்துக்கிடும். நாம கொண்டுவரணும், அவ்வளவுதான்."

அறிக்கை நாள். வீடியோவில் ஒரு பக்கம் தலைமை அதிகாரி, இன்னொரு பக்கம் அப்பளக் கம்பெனி அண்ணாச்சி. கேமராவில் விழாத இடமாகப் பார்த்து நான் உட்கார்ந்திருந்தேன். முதலாளிகளிடம் கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் நான் முதலில் வானிலையில் தொடங்குவேன். நம் பெண் நேராகத் தொடங்கினார். இந்த அப்பளத்தை எல்லோரும் புகழ்கிறார்கள், ஆனால் யாரும் விருந்தாளி இலையில் வைக்கவில்லை என்றார். சாயங்காலம் டீயோடும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கையிலும்தான் பாக்கெட் காலியாகிறது என்றார். மாமாவின் உலக்கையைக்கூட விடாமல் அவர் குரலிலேயே போட்டுக் காட்டினார்.

அண்ணாச்சி முகம் இறுகியது. அட்டைப்படமெல்லாம் அடித்து வைத்திருக்கிற மனிதர். எனக்குப் பட்டறையில் மச்சினன் சொன்ன டீ ஞாபகம் வந்தது. அந்தப் பெண் அப்போதும் காத்திருந்தார்.

"எங்க வீட்டுல யாரும் இப்பிடிச் சொல்லலையேம்மா" என்றார் அண்ணாச்சி.

"உங்க வீட்டுல போன தடவ விருந்துக்கு எந்த அப்பளம் அண்ணாச்சி போட்டாங்க?"

அவர் யோசித்தார். கேமராவுக்கு வெளியே திரும்பி யாரிடமோ கேட்டார். ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. திரும்பி வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சட்டியில பொரிச்சதுதானாம்" என்றார். "ஏம்மா, இத முன்னாலயே கேக்கக்கூடாதா?" தலைமை அதிகாரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

அண்ணாச்சி வாழையிலைப் படத்தை எடுத்துவிட்டு, டீக்குக் கடித்துக்கொள்வதாகவே அதைக் கடைக்கு அனுப்பினார். சுமாராக விற்கிறது. தலைமை அலுவலகம் திரைக்காரியை வைத்துக்கொண்டது. முதல் சுற்றுக் கேள்விகளை இப்போது அவளிடம்தான் கேட்கிறோம். வீட்டுக்குப் போகிற நேர்காணல்கள் பாதியாகக் குறைந்தன. என்னோடு சுற்றியவர்களில் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மேலப்பாளையத்துப் பெண் தென்மாவட்டங்களுக்குத் தலைவரானார். எனக்கு வேலை போகவில்லை. அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன்.