இறுகும் நேரம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடி அத்தான் இரண்டு விரல்களை மெல்லக் கீழே இறக்குவார். சூட்டைக் குறை என்று அர்த்தம். உள்ளங்கையை விரித்துக் காட்டினால், அப்படியே விடு என்று அர்த்தம். ஜூரோங்கில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலையில், தான் உருவாக்கிய இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க முடியாமல், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்து அவர் அதை நடத்திய மாதங்கள் அவை. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்த விரல்கள்தான். முகம் பிறகுதான் வரும்.

அவர் என் அக்காவின் கணவர். அம்மா அப்பா போனபின் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவர்களோடுதான் இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் அத்தான் அந்தத் தொழிற்சாலையில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் எனக்கும் அங்கேயே இயந்திரம் ஓட்டும் வேலை கிடைத்தது. அச்சகங்களுக்கும் காகித ஆலைகளுக்கும் வேண்டிய ரோலர்களுக்கு பாலியூரிதேன் போர்த்திக் கொடுப்பது எங்கள் தொழில். பார்க்க ரப்பர் போலத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் தேயாது. இரண்டு திரவங்களைச் சூடாக்கிக் கலந்து, இரும்புத் தண்டைச் சுற்றி அச்சு பூட்டி, அதற்குள் ஊற்றுவோம். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு அச்சு வேண்டும். அச்சே இல்லாமல் செய்ய முடியும் என்று சொன்னவர் அத்தான். தண்டைச் சுழலவிட்டு, மேலே ஒரு நாசிலை, கலவை வெளிவரும் குழாய்முனையை, நகர்த்திக்கொண்டே கலவையை நாடாபோல ஊற்ற வேண்டும். ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று, ஓர் அடுக்கின்மேல் அடுத்த அடுக்கு, அப்படியே வேண்டிய பருமன் வரும்வரை.

சொல்வது சுலபம். கலவை இறுகும் நேரம் ஒரு பக்கம் நூலளவு தவறினால் தரையெல்லாம் சொட்டும். மறுபக்கம் தவறினால் நாசிலுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். கீழ் அடுக்கு முழுக்க இறுகிவிட்டால் மேல் அடுக்கு அதோடு சேராது, பிறகு வெங்காயத்தோல் மாதிரி உரிந்து வரும். மழை நாட்களில் காற்றின் ஈரம் புகுந்து உள்ளே குமிழிகள் நிற்கும். எத்தனையோ ரோலர்களைச் சுரண்டித் தள்ளியிருக்கிறோம். அத்தான் எரிச்சல்பட்டு நான் பார்த்ததில்லை. பாதி இறுகிய பரப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, அது எப்படி நிமிர்ந்து வருகிறது என்று குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பவர்போலக் கவனித்துக்கொண்டிருப்பார்.

முதலில் மாலையில் மட்டும் இருமல் வந்தது. சளி என்றார். ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க ஏறியவர் பாதி வரியில் நின்றுவிட்டார். எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது என்றுதான் கோயிலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். எனக்கு அவர் தோள்கள் ஏறி ஏறி இறங்குவது தெரிந்தது. எதையோ விழுங்க முயல்பவர்போல மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் எங்கே வேலை, என்ன பொருள் என்று துருவித் துருவிக் கேட்டார். அந்தத் திரவங்களில் ஒன்றான ஐசோசயனேட்டை உங்கள் உடம்பு இப்போது எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டது, இனி மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சுக்குழாய் இறுகும், இது திரும்பி வராத வழி, வேலையை விடுங்கள் என்றார்.

"இந்த ஊர்ல வேற வேலையே இல்லையா?" என்றாள் அக்கா.

"இன்னும் கொஞ்ச நாள்தான் லா. இந்தக் கலவை மட்டும் தண்டுல நின்னுடுச்சுன்னா நானே வெளிய வந்துடுறேன்."

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் நல்ல மனிதர்தான். அத்தானுக்காகக் கண்ணாடித் தடுப்பு போட்டுக் கொடுத்தார். உள்ளே நான், வெளியே அவர், நடுவில் விரல் பாஷை.

கடைசியில் வழி அவருக்கே தென்பட்டது. திரவத்தின் சூட்டைக் குறைத்துவிட்டு, இரும்புத் தண்டைச் சூடாக்கச் சொன்னார். நாசிலுக்குள் சோம்பலாக இருந்த கலவை தண்டைத் தொட்டதும் நின்றது. அடுத்தடுத்த அடுக்குகள் தம் சூட்டிலேயே இறுகிக்கொண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இல்லை. கதவைத் திறந்து, முகமூடி கழுத்தில் தொங்க, உள்ளே வந்துகொண்டிருந்தார். போங்கத்தான் என்று நான் கத்தியது இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. வெதுவெதுப்பான ரோலரில் கட்டைவிரலை அழுத்தினார்.

"ஒட்டிக்கிச்சு பாத்தியா," என்றார்.

அவ்வளவுதான் பேச முடிந்தது. பிறகு தரையில் உட்கார்ந்தார். மேனேஜரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிழைத்தார். ஆனால் மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை. வேறு ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனார். அடிக்கடி மூச்சு முட்டியதால் அதுவும் நிலைக்கவில்லை. அக்கா தையல் ஆலைக்குப் போக ஆரம்பித்தாள். நான் அதே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் புக்கிட் பாத்தோக்கில் வீடு கிடைத்து மாறியிருந்தோம். புதுக் காற்று அவருக்கு நல்லது செய்யும் என்று நம்பினோம். ஆனாலும் தினமும் சாயங்காலம் இழுப்பு வந்தது. ஏன் என்று அக்காவுக்கும் எனக்கும் புரியவில்லை. அவருக்குத்தான் புரிந்தது. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அது வருகிறது.

"அந்தக் கெமிக்கல் உன் சட்டையில இருக்கும்மா," என்றார், தப்பு தன்னுடையது என்பதுபோல.

வேலையை விடுகிறேன் என்றேன். "நீயும் விட்டா மூணு பேரும் என்ன சாப்பிடுறது?" என்று கேட்டார். புக்கிட் பாஞ்சாங்கில் கூட வேலை செய்தவளோடு ஓர் அறை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தலை குளித்து, தனியாக எடுத்து வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். அப்படியும் அவரிடமிருந்து தள்ளியே உட்காருவேன். வேலை எப்படிப் போகுது என்று கேட்பார். நல்லாப் போகுது என்பேன். அதைத் தாண்டி எங்களுக்குப் பேச இருந்ததெல்லாம் வற்றிவிட்டது. இப்போது கணினி சொல்லச் சொல்ல, செருப்பின் அடிப்பாகத்தைக்கூட அடுக்கடுக்காக அச்சிட்டு எடுக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் பேத்தி அதைக் காட்டி, அடுக்குகள் எப்படி ஒட்டுகின்றன தெரியுமா பாட்டி என்று விளக்க ஆரம்பித்தபோது, நான் அந்த அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வார நாள். அக்கா தையல் ஆலையில், நான் ஜூரோங்கில். அக்கா வீட்டு மாடியிலேயே பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வரவிருந்தது. அன்று அங்கே மரத்தரைக்குப் பளபளவென்று பூச்சு அடித்தார்கள். பாலியூரிதேன் பூச்சு. அத்தானுக்கு மூக்கே சொல்லியிருக்கும். ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார். துண்டை நனைத்துக் கதவின் அடியில் திணித்திருந்தார். அக்கா சாயங்காலம் வந்து கதவைத் தள்ளியபோது அந்த ஈரத்துண்டு தடுத்தது. சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது. ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஜோடி அடக்கத்துக்கு வந்தது. அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முன்பின் பழகாத ஒரு மனிதருக்காக அவள் அழுததை என்னால் தாங்க முடியவில்லை. வீடு குடிபுகுந்தபோது மறக்காமல் எங்களையும் கூப்பிட்டார்கள். நான் போக வேண்டாம் என்றேன். அக்கா போனாள். நானும் கூடப் போனேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, முகம் தெரிகிற அந்தத் தரையில் அக்கா மெதுவாக நடந்து, ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். தரை எப்படி இருக்கிறது என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள். நல்லா வந்திருக்கு என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"சொல்லியிருக்கலாமே அக்கா."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னா, அப்புறம் அந்தப் பிள்ளைங்க அந்த வீட்ல எப்படி நடக்கும்?"