கண்ணாடியில் ஏறி நின்ற சிலந்தி

என் கணவர் ஒரு மாதப் பயிற்சிக்காக எங்கள் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்ட் போனபோது, டாலிகஞ்ச் வீட்டில் என் பொறுப்பில் விட்டுப்போனது ஒரு டரான்டுலா சிலந்தியை. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி. மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர் அவரிடம் கொடுத்தது. அதன் கண்ணாடிப் பெட்டி இருந்த அறைப் பக்கமே நான் போகமாட்டேன்.

"வாரம் ஒரு கரப்பான் போடு. தண்ணிக் கிண்ணம் காயக்கூடாது. கீழ இருக்கிற தேங்காய் நார்த்தூள்ல ஒரு மூலை மட்டும் ஈரமா இருக்கணும். அவ்வளவுதான்," என்றார்.

ஈரம் குறைந்தால் செத்துவிடுமோ என்று எனக்குப் பயம். செம்பருத்திக்கு அடிக்கிற ஸ்ப்ரேயரால் காலையும் மாலையும் பெட்டி முழுக்கத் தெளித்தேன். ஈரம் வெளியே போகாதிருக்கக் காற்றுத் துளைகளில் பாதியை டேப் போட்டு ஒட்டினேன். நான்காம் நாள், ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் டிக்கெட் கவுண்டர் வேலை முடிந்து வந்து பார்த்தால், கண்ணாடியில் ஏறி என்னைப் பார்த்தபடி நிற்கிறது! மறுநாளும் அப்படியே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வந்துட்டியா தங்கம்?" என்று பேசவே ஆரம்பித்துவிட்டேன்.

வீடியோ காலில் கணவரிடம் காட்டினேன். "பாருங்க, என்னைக் கண்டா ஓடி வருது."

"கொஞ்சம் கீழ காட்டு," என்றார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன்னைப் பார்க்க வரலம்மா. கீழ ஒரே சேறு. காலை வைக்கப் பிடிக்காம மேல நிக்குது. அங்க வெள்ளையாத் தெரியுறது பூஞ்சை."

எனக்கு முகம் சுண்டிப்போனது. அன்றே பக்கத்து வீட்டு வங்காளி அக்காவைக் கூப்பிட்டேன். நான் பிளாஸ்டிக் டப்பாவால் சிலந்தியை மூட, அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அட்டையை அடியில் தள்ளினார். நார்த்தூளை மாற்றி, டேப்பைப் பிய்த்து, ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் அது தரையில் இறங்கிக் கிடந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. கணவர் திரும்பிவரக் கப்பல் ஏறிய மறுநாள் காலை பார்த்தால், கால்களை விரித்து மல்லாந்து கிடந்தது. நடுக்கடலில் அவருக்கு சிக்னல் கிடையாது.

"மர் கயா க்யா?" என்றார் அக்கா. செத்துவிட்டதா என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அழுகை வந்துவிட்டது. ஆபீசுக்கு போன் செய்து, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னேன். பப்பாளி மரத்தடியில் அக்கா குழி தோண்டினார்.

எடுக்கலாம் என்று மூடியில் கை வைத்தேன். ஒரு கால் மெல்ல அசைந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் உடம்பின் மேல்தோல் பிளந்தது. பழைய கால்களுக்குள்ளிருந்து புதுக் கால்களை ஒவ்வொன்றாக உருவியது. அக்காவும் நானும் தேநீர் ஆறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசிக் கால் வெளியே வந்ததும் அவர் கைதட்டியேவிட்டார்.

கணவர் வந்ததும் பெட்டியைத்தான் முதலில் பார்த்தார். தோல் உரிக்கும்போது ஈரம் சரியாக இல்லாவிட்டால் கால் சிக்கிக்கொள்ளுமாம். நார்த்தூளில் விரலை அழுத்திப் பார்த்தார்.

"நான் வச்சிருந்ததைவிட நல்லா வச்சிருக்க."

அன்றிலிருந்து ஈரம் பார்க்கும் வேலை என்னுடையது. அவர் கை வைத்தால் எனக்குக் கோபம் வரும்.