பின்னால் உட்கார்ந்த டிரைவர்

நான்கு துணி ஆலைகளில் எந்தத் தையல் மெஷின் மக்கர் செய்தாலும் முதலில் எழும் பேச்சு, "மெஷின்காரம்மாவக் கூப்பிடு" என்பதுதான். அவளுக்கு நாற்பத்தேழு வயது. மெஷின் ரிப்பேர் கற்றுக்கொண்டது இருபதில், மோட்டார் சைக்கிள் கற்றுக்கொண்டது முப்பத்தாறில். இரண்டையும் யாரிடமும் கெஞ்சிக் கற்கவில்லை என்று சொல்லிக்கொள்வாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொள்வாள்.

வீட்டிலிருந்து ஆலைகளுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர். அதில் இருபத்திரண்டு கிலோமீட்டர் வெறும் பொட்டல். மரம் கிடையாது, கட்டிடம் கிடையாது, காற்றைக் கேட்பாரே கிடையாது. பதினொரு வருடமாக வாரம் இரண்டு முறை அதைக் கடந்ததில், காற்றின் சுபாவம் அவளுக்கு அத்துப்படி. கனமான கருவிகளெல்லாம் இரண்டு பக்கப் பெட்டிகளில், தாழ்வாக. வண்டி ஓட்டப் போடும் ஜாக்கெட் உடம்போடு ஒட்டியிருக்கும். படபடக்கும் துணி எதுவும் உடம்பில் இருக்காது. வண்டியின் முன்னால் ஆசையாக மாட்டிய உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடியை ஆறே மாதத்தில் கழற்றி எறிந்தாள். நெஞ்சில் காற்று படாமல் அது காத்தது உண்மைதான். ஆனால் அந்தக் காற்று மேலேறி, சுழன்று வந்து ஹெல்மெட்டில் மத்தளம் கொட்டியது. "காத்து நேரா வந்து மூஞ்சில அடிச்சா பரவாயில்ல. சுத்தி வந்து அடிக்கிறதுதான் ஆகாது," என்பாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருட சர்வீஸில் வண்டிமேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைச் சொல்வதற்கு அவரையும் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஜாடிக்கேத்த மூடி.

இரண்டு வாரங்களுக்கு முன் பொட்டலில் அவள் வண்டி சாலையை விட்டிறங்கிச் சரளையில் சறுக்கியது. முழங்கை சிராய்த்து, ஜாக்கெட் கிழிந்து வந்து நின்றவளைப் பார்த்ததும் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்ன ஆச்சு?"

"காத்து தள்ளிடுச்சு."

"சாவியக் குடு. இனிமே பஸ்ல போ."

பஸ் ஆலை வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை ஆகிவிடும். காலையில் நின்ற மெஷினை மதியம் வரை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். வண்டி போனால் நான்கு ஆலையும் போகும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார். பயந்துபோயிருந்தார், பாவம்.

இரண்டு வாரமும் இதே பேச்சுதான். கடைசியில் அவள் சொன்னாள்: "ஒரு தடவ பின்னாடி உக்காந்து வாங்க. வந்துட்டு நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான். குடுன்னு சொன்னா குடுத்துடறேன்."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமோ என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான்.

அவருடைய அடுத்த லீவு நாளில் கிளம்பினார்கள். பொட்டல் வரும்வரை மனிதர் பின்னால் உட்கார்ந்தபடியே பஸ் ஓட்டினார். அவள் கியர் மாற்றினால் அவர் கால் அமுங்கியது. பொட்டலில் காற்று வலப்பக்கமிருந்து பிடித்துக்கொண்டது. அவள் வண்டியை வலப்பக்கம் லேசாகச் சாய்த்து, காற்றுமேல் சாய்ந்தே நேராகப் போனாள். அவர் விடவில்லை. பஸ் சாய்ந்தால் கவிழப்போகிறது என்றுதானே அர்த்தம்? வண்டி வலது பக்கம் சாயச் சாய அவர் உடம்பை இடது பக்கம் வளைத்து நிமிர்த்தப் பார்த்தார். வண்டி குடித்தவன் போலத் தள்ளாடியது. அவள் ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"நிமுத்தறேன். சாயுது இல்ல?"

"சாய்ச்சாதான் நேரா போகும். நீங்க மூட்டையா வந்திருக்கீங்க, டிரைவரா இல்ல. என் வலது தோளுக்கு மேல பாத்துக்கிட்டு உக்காருங்க. உங்க முட்டியத் தட்டுனேன்னா அசையவே கூடாது."

இருபத்தாறு வருட சர்வீஸை மூட்டை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? உம்மென்று ஏறினார். ஆனால் சொன்னபடி உட்கார்ந்தார்.

ஐந்து கிலோமீட்டர் நன்றாகத்தான் போயிற்று. பிறகு பக்கக் கண்ணாடியில் பின்னால் ஒரு பஸ் தெரிந்தது, நல்ல வேகத்தில். அவள் அவர் முட்டியைத் தட்டினாள். சாலையின் இடது ஓரமாக ஒதுங்கி, முழங்கால்களால் டேங்க்கை இறுக்கி, விரல்களைத் தளர்த்தினாள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் காற்று கொடுக்கும் அடி முழுவதும் வண்டிக்குத்தான் போகும்.

முதலில் பஸ்ஸின் முகம் தள்ளிவந்த காற்று அவர்களை இடது பக்கம் நெட்டியது. அடுத்த கணம் காற்றே இல்லை, பஸ் மறித்துவிட்டது. சாய்ந்திருந்த வண்டி தாங்க ஆளில்லாமல் பஸ்ஸை நோக்கியே போனது. அவள் அதை எதிர்பார்த்திருந்தாள். நிமிர்த்தினாள். பஸ்ஸின் சக்கரம் அவர் முழங்காலுக்குக் கையெட்டும் தூரத்தில் உருண்டு போனது. அது தாண்டியதும் நிறுத்தி வைத்த காற்றெல்லாம் ஒரே அறையாக வந்து விழுந்தது. அவள் மறுபடி சாய்த்தாள். அவர் அசையவில்லை. அசைய அவருக்குத் தெம்பும் இல்லை.

பொட்டல் முடியும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அவர் இறங்கினார். ஹெல்மெட் கொக்கி கைக்கு அகப்படவில்லை, அவளே கழற்றிவிட்டாள்.

"அன்னைக்கும் பஸ்தானா?" என்று கேட்டார்.

"ம்."

"காத்துன்னு சொன்ன."

"காத்துதான். பஸ் கொண்டுவந்த காத்து."

"ஏன் சொல்லல?"

"உங்க ஆளுங்களச் சொன்னா சண்டைதான் வரும். அதான்."

அவர் பங்க்கின் குட்டைச் சுவரில் உட்கார்ந்து சாலையையே பார்த்தார். ஒரு பஸ் போனது. அதன் ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் ஆடி, சமாளித்து, நேரானது. பஸ் போய்க்கொண்டே இருந்தது.

"எதையும் இடிச்சதில்லன்னு எவ்வளவு பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றார். "தாண்டுனதுக்கு அப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு ஒரு நாள்கூட கண்ணாடில பாத்ததில்ல."

அவளுக்கு மனசு கரைந்தது. ஆனாலும் பேசிய பேச்சு பேச்சுதான். சாவியை நீட்டினாள்.

"உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார் அவர். "குடுக்கணும்னா என் சாவியத்தான் நான் குடுக்கணும்."

சிரிக்க வாயெடுத்தவள், அவர் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாம். தாண்டும்போது ஒரு வண்டி அகலம் தள்ளிப் போங்க."

"அது போதுமா?"

"எங்களுக்கு அது போதும்," என்றாள்.