கனி பாயும் வெள்ளிக்கிழமைப் பொரியும்

பானட்டைத் தூக்கியதும் நாகூர் கனி முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். டார்ச், டெஸ்டர் எல்லாம் அப்புறம். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிமிர்ந்து, "ரெண்டு உருப்படி. அதுல ஒண்ணு குட்டி போட்டிருக்கு" என்பார். வண்டிக்காரர் நம்பாமல் சிரிப்பார். பேட்டரிக்குப் பின்னாலிருந்து சீட்டுப் பஞ்சு, பாலிதீன் கிழிசல், ஆறு மாசமாகத் தேடிக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் காகிதத்தில் பாதி என்று எலிக்கூடு முழுசாக வெளியே வந்தபிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய வயரிங் கடை. பெயர்ப் பலகை கிடையாது. "எலி பாய் கடை எது?" என்று கேட்டால் பரோட்டாக் கடைக்காரர் கரண்டியாலேயே வழி காட்டிவிடுவார். வயது ஐம்பத்து நான்கு. கிரீஸிலும் கரியிலும் புரளும் மனுஷர், வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார். கேட்டால், "அழுக்குப் பட்டாத் தெரியணும்ல?" என்பார். அந்தச் சட்டைகளைத் துவைக்கிற அவர் மனைவி ஜெயினம்புவிடம் இதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

துபாய்க்குப் போனவர்கள் நிறுத்திவைத்த கார், அறுப்பு முடிந்து படுதா போட்டு மூடிய டிராக்டர் என்று, ஓடாமல் நிற்கிற வண்டி எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எலிமேல் அவருக்குக் கோபமே கிடையாது. "அதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்குண்ணே. கடிச்சாத்தான் உசுரு தங்கும். சோத்தப் போட்டுக் கூப்பிட்டது நாம. வந்தவன அடிச்சா எப்படி?" என்பார். கோபமெல்லாம் வண்டிக்காரர்கள் மேல்தான். தல்லாகுளத்து வக்கீல் ஒருவர் யாரோ சொன்னார்கள் என்று எஞ்சினுக்குள் புகையிலைக் கட்டு வைத்திருந்தார். அதையும் எலி கடித்து வைத்திருந்தது. "வெத்தலையும் சுண்ணாம்பும் சேத்து வச்சிருந்தீங்கன்னா மடிச்சுப் போட்டிருக்கும் சார்" என்றார் கனி பாய். விஷம் வைக்கிறவர்களைக் கண்டால் இன்னும் ஆகாது. "ஏசிக் குழாய்க்குள்ள போய்ச் செத்துக் கெடக்கும். அப்புறம் காரை வித்தாத்தான் நாத்தம் போகும்."

அவர் வைத்தியம் சாதாரணமானது. வண்டியில் ஒரு நெல்மணி, ஒரு பிஸ்கட் தூள் இல்லாமல் ஊதித் தள்ளுவார். ஓட்டைகளுக்குக் கம்பி வலை கட்டுவார். சைலன்சர் வாயை டப்பாவால் மூடிவிட்டு, மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணிவிடாமல் இருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டுவார். பிறகு பாடம்: "வாரம் ஒருக்கா ஓட விடுங்க. பானட்டத் தெறந்தே வைங்க. வெளிச்சம் பட்டா அது குடித்தனம் வைக்காது."

"இம்புட்டு வெவரத்தையும் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் எவன் நம்மகிட்ட வருவான்?" என்று ஜெயினம்பு கேட்டதுண்டு. "அடுத்தவன் வண்டி கெட்டாத்தான் நமக்குச் சோறுன்னா அதுல பரக்கத் இருக்காது புள்ள, கையில தங்காது" என்று முடித்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனுஷர் மேல்தான் அந்தப் பழி விழுந்தது.

கீழக்குயில்குடியில் சமணமலையைப் பார்த்த மாதிரி ஒச்சாயியின் செட்டு இருக்கிறது. அதில் அவருடைய கதிர் அறுக்கும் மிஷின் நிற்கும். மகன் அழகுராஜா அதை ஓட்டுகிறான். ஐப்பசியில் மிஷினின் வயரை எலி கடித்துவிட்டது. கனி பாய் போய் மல்லாக்கப் படுத்துக் கீழே இருந்தபடியே வயரை மாற்றினார், நெல் டேங்கைத் துடைத்தார், வலை கட்டினார். "இனிமே எலி தொடாதுக்கா. தொட்டா நான் டெஸ்டரத் தொடல" என்று வாக்கும் கொடுத்தார். கார்த்திகை பிறந்ததும் அதே இடத்தில், ஓட்டுகிறவர் சீட்டுக்குக் கீழே, மறுபடி கடித்திருந்தது. சரிசெய்த பத்தாம் நாள் இன்னொரு தரம்.

டீக்கடையில் அழகுராஜா ஒரு வார்த்தை விட்டான். "பாய் வந்துட்டுப் போனாத்தான்டா மாப்ள எலி வருது. டப்பாவுல கொண்டாந்து விடுறாரோ என்னமோ." வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் பக்கத்து ஊர் டிராக்டர்காரர் இருவர் கனி பாய்க்குப் போன் செய்து, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒச்சாயியே, "ஏன் பாய், ஒங்களுக்கே தெரியாம எலி எங்கிட்டுருந்து வருது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கனி பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாகச் சம்பாதித்த பேர் அது.

ஒரு வியாழன் சாயங்காலம் மிஷினைச் சுற்றியும் மேலேயும் முகப்பவுடரைத் தூவிவிட்டு, சனி காலை வந்து பார்த்தார். எலிக் காலடிகள் நெல் டேங்க் பக்கமே போகவில்லை. படியேறி நேராக ஓட்டுகிற சீட்டுக்குப் போயிருந்தன. சீட்டைத் தூக்கினார். பொரி, வெல்லத் துணுக்கு, தேங்காய்ச் சில்லு. ஆயுத பூஜையில் ஆரம்பித்து, வெள்ளிக்கிழமை தவறாமல் ஒச்சாயி மிஷினுக்குச் சூடம் காட்டி, சீட்டில் பொரி படைத்து, படுதாவை மூடிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். அந்த மிஷின் அவருக்கு மகாலட்சுமி. விடிவதற்குள் எலி விருந்தை முடித்துவிட்டுப் பல்லைத் தீட்ட வயரைத் தேடுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பேர் தப்பித்திருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒச்சாயி சாமிக்குப் படைத்த பண்டத்தை அவருக்கு நீட்டியதில்லை. 'பாய் சாப்பிடமாட்டாக' என்று தெரிந்து, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டாகப் பார்த்து வாங்கி வைப்பார். அப்படி மரியாதை பார்க்கிற பொம்பளையிடம் போய், ஒங்க சாமிக்கு வச்சதுதான் எலிக்குப் போகுது என்று எப்படிச் சொல்வது? அதுவும் நான் எப்படிச் சொல்வது? மகனிடம் சொல்லலாம். அவன் ஆத்தாளிடம் கத்துவான். வேண்டாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எக்ஸெல் வண்டியில் ஊரைக் குறுக்கே கடந்து கீழக்குயில்குடி போய் நின்றார். "அக்கா, அந்தச் சாமி பொரிய எனக்குத் தாரீங்களா?"

"ஒங்களுக்கா?"

"வீட்ல ஆடு ஒண்ணு வளக்குறேன். வாயில்லாச் சீவன். பொரின்னா உசுரு."

அவர் வீட்டில் ஆடு கிடையாது. ஒரு கோழிகூடக் கிடையாது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. ஒச்சாயி முகம் மலர்ந்து, சீட்டில் இருந்ததை அள்ளி அவர் துண்டில் போட்டார். ஒத்தக்கடையில் பக்கத்துத் தெரு முத்துச்செல்வியின் பசு அதைத் தின்றது. அப்படியே ஏழு வெள்ளிக்கிழமை. "எங்கதான் போறீக, புதுசா ஒரு வேலை?" என்று ஜெயினம்பு கேட்டதற்கு, "பொரி வாங்கப் போறேன்" என்று உண்மையைச் சொன்னார். அவள் நம்பவில்லை. அந்த இல்லாத ஆடு மட்டும் ஏழு வாரமும் அவர் நெஞ்சில் முட்டிக்கொண்டே இருந்தது.

தை பிறந்தது. அறுப்புக்கு மிஷினை இறக்கும் முன்னால் அழகுராஜா சாவியைத் திருகினான். ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. ஒரு வயரில்கூடப் பல் படவில்லை. ஒச்சாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எல்லாம் ஒங்க ஆட்டுக்குப் பொரி போட்ட புண்ணியந்தான் பாய். வர்ற வெள்ளிக்கெழம அதக் கூட்டிட்டு வாங்க. ஒரு மாலை போடணும்."

கனி பாய் ஆட்டுக்கு எங்கே போவார்? கடன் வாங்கிய ஆட்டைக் காட்டலாம் என்று பரோட்டாக் கடைக்காரர் யோசனை சொன்னார். அது இன்னொரு பொய்யாகிவிடும். சொந்தமாகவே ஒன்றை வாங்கிவிட்டால் பழைய பொய்யாவது பாதி மெய்யாகும். வெள்ளி விடிந்ததும் திருமங்கலம் சந்தைக்குப் போனார். ஒரு கறுப்புக் குட்டியை வாங்கி, எக்ஸெல்லில் காலுக்கிடையே நிறுத்திக்கொண்டு, அங்கிருந்து நேராகக் கீழக்குயில்குடி வந்து இறங்கினார். "இதான்க்கா."

ஒச்சாயி செவ்வந்தி மாலையைப் போட்டுவிட்டுக் குட்டியைத் தடவிக் கொடுத்தார். ஒரு கைப் பொரியை நீட்டினார். குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு தரம் நீட்டினார். அது பின்னால் நகர்ந்தது. தடவிய கையை ஒச்சாயி விரித்துப் பார்த்தார். சந்தை வியாபாரி அடையாளத்துக்குப் பூசிய பச்சைச் சாயம் உள்ளங்கை முழுக்க ஒட்டியிருந்தது.

"இது இன்னைக்குச் சந்தையில வாங்குனது."

"ஆமாக்கா."

"அப்ப ஏழு வாரமா எம் பொரியத் தின்னது?"

"பக்கத்துத் தெரு மாடு. கீழ போடலக்கா, சத்தியமா."

ஒச்சாயி மிஷினை நிமிர்ந்து பார்த்தார். சீட்டைப் பார்த்தார். காலையில் வைத்த பொரி அதில் அப்படியே இருந்தது. "நீங்க எடுத்துட்டுப் போக ஆரம்பிச்ச பெறகுதான் எலி வரல" என்றார் மெதுவாக. "அம்புட்டுப் பேச்சையும் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே பாய். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"ஒங்க சாமி பொரிக்கா. நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்றார் கனி பாய்.

ஒச்சாயி மகன் பக்கம் திரும்பினார். "டேய் அழகு, இப்பவே டீக்கடைக்குப் போ. எலிய யாரு கொண்டாந்து விட்டதுன்னு எவனாச்சும் கேட்டா, எங்காத்தா ஒச்சாயிதான் சோறு போட்டு வளத்தான்னு சொல்லு. சத்தமாச் சொல்லு." அழகுராஜா தலையைக் குனிந்தபடி நடந்தான்.

ஒச்சாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஷின்மேல் ஏறினார். சீட்டிலிருந்ததை அள்ளியபின், அதன் மடிப்புக்குள் விரலை விட்டு, ஒவ்வொரு பொரியாகப் பொறுக்க ஆரம்பித்தார். கீழே நாகூர் கனி துண்டை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார்.