ஈரம் காயாத வில்லை

ஆய்வகத்தில் அவனுக்குப் பெயர் குப்பைமேனி. வேலியோரம் கேட்பாரற்று முளைக்கும் அந்தச் செடியைத்தான் ஆராய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால் வந்த பட்டம். அவன் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் அவன்தான். கேலியாக வந்தாலும் பட்டம் பட்டம்தானே என்று வைத்துக்கொண்டான்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுத்திருந்தான். சோதனைக்கென்று வைத்திருந்த ஊதாக் கரைசலில் அந்தச் சாறு விழுந்ததும் ஊதா வெளுத்து மஞ்சளானது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி இலைக்கு உண்டு என்பது உறுதி. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: கிருமியைத் தடுக்குமா? அந்த முடிவு கைக்கு வந்தால்தான் ஆய்வேட்டை எழுத வழிகாட்டி மேடம் சம்மதிப்பார்.

சாறு தோய்த்த காகித வில்லைகளைக் கிருமி பரப்பிய தட்டில் வைத்தான். மறுநாள் காலையில் பார்த்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி அண்டாத பெரிய வட்டம்! உடனே அப்பாவுக்கு போன் போட்டுவிட்டான். அப்பா லாரி ஓட்டுநர். அவர் வாயில் விழுந்த செய்தி ஊர் சுற்றாமல் நிற்காது.

போனை வைத்த பிறகுதான் தட்டின் ஓரம் கண்ணில் பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் ஆல்கஹாலில் தோய்த்து வைத்த வில்லை. அதைச் சுற்றியும் வட்டம்! அவசரத்தில் வில்லைகளைக் காயவிடாமல் ஈரத்தோடு வைத்திருக்கிறான். அப்படியானால் கிருமியை விரட்டியது இலையா, ஆல்கஹாலா?

"போட்டோல அந்த ஓரத்தை வெட்டிடுடா. யாரு கேக்கப் போறா?" என்றான் பக்கத்து மேசை நண்பன்.

"சாராயம் செஞ்ச வேலைக்கு என் இலைக்கு மாலை போடச் சொல்றியா?"

"காயவச்சு வட்டமே வரலைன்னா?"

"வரும்டா. வரலைன்னா, வரலைன்னு எழுதுறேன். எனக்கென்ன பயம்?"

இந்த முறை வில்லைகள் மொறமொறவென்று காயும்வரை தட்டின் பக்கமே போகவில்லை. அடுத்த நாள் ஆல்கஹால் வில்லையின் விளிம்புவரை கிருமி மொய்த்துக் கிடந்தது. இலை வில்லையைச் சுற்றி மட்டும் மெல்லிய, தெளிவான வட்டம்.

அவன் நீட்டிய தட்டைப் பார்த்து மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏதோ பெருசா வந்துச்சுன்னாங்களே?"

"அதுல பாதி சாராயம், மேடம்."

சிரித்துவிட்டார். "இன்னும் ரெண்டு தட்டு போட்டுக் காட்டு. இதே மாதிரி வந்தா எழுத ஆரம்பி."

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து நீட்டினான். இரண்டிலும் அதே வட்டம்.

மாலையில் அப்பாவிடம் சொன்னான். அவர் பதறினார். "பெரிய வட்டம்னு ஊரு பூரா சொல்லிட்டேனேடா!"

"சின்ன வட்டம்னு மாத்திச் சொல்லுப்பா. மீசையை முறுக்கிக்கிட்டே சொல்லு."